சுவர்க்குமாரனின் பட்டு வால்

மயில்வாகனத்துக்கு அந்த நாடகத்தில் இருந்த வசனம் ஒன்றே ஒன்றுதான். அதையும் அவன் சொல்லவில்லை. அது நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஆனால் பெரிய காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் நேற்று நடந்ததைப் போலச் சொல்வார்கள். இந்த ஊர் வாங்கிய கைமாற்றை மறக்கும், கொடுத்த வாக்கை மறக்கும், அடுத்தவன் மானம் போனதை மட்டும் தேதியோடு ஞாபகம் வைத்திருக்கும்.

அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. தெரு நாடக சபாவில் காவலாளி வேஷம். ஈட்டியோடு உள்ளே வந்து, "மன்னா, வாசலில் தூதுவன் நிற்கிறான்" என்று சொல்ல வேண்டும். ராஜா "வரச் சொல்" என்பார். தூதுவன் வருவான். இவ்வளவுதான் ஐயா. மயில்வாகனம் வந்தான், ஈட்டியை ஊன்றினான், எதிரே இருந்த ஜனத்தைப் பார்த்தான், வாய் பூட்டிக்கொண்டது. ராஜா வேஷம் கட்டிய குமாரவேல் தகரக் கிரீடத்தோடு பார்த்தார். "இன்னாபா விஷயம்?" என்று மெதுவாக எடுத்துக்கூடக் கொடுத்தார். ஊஹூம்.

தூதுவன் வேஷத்தில் திரைக்குப் பின்னால் நின்ற தணிகாசலம், ஒன்றரை மாதம் மனப்பாடம் பண்ணிய நாற்பது வரியை மென்றுகொண்டு நின்றான். "நீயே உள்ள போயிடுபா" என்று எல்லோரும் தள்ளினார்கள். அவன் போகவில்லை. அறிவிக்காமல் உள்ளே நுழைந்தால் அவன் தூதுவனா, திருடனா? ராஜ்ஜியத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இது தணிகாசலத்தின் கட்சி. கால் மணி நேரம் மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள், அப்புறம் திரையை இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் டீக்கடை ராமலிங்கம் ஆரம்பித்தான். "இன்னா மயிலு, தூதுவன் வந்துட்டானாபா?" கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு பிறகு நிற்கவே இல்லை. கல்யாணத்தில் தாலி கட்டிவிட்டு நிமிர்ந்தான், அட்சதையோடு ஒரு குரலும் வந்து விழுந்தது: "தூதுவன் வந்துட்டானாபா?" அப்பன் செத்த பதினாறாம் நாள் காரியத்தில் பந்தியில் உட்கார்ந்த ஒருத்தர், அப்பளத்தைக் கடித்துக்கொண்டே அதைத்தான் கேட்டார். மயில்வாகனமும் சிரித்து வைப்பான். வேறென்ன செய்வான்? பல்லைக் காட்டிப் பழகிவிட்டால் அதுவும் ஒரு வேலைபோல நடந்துகொண்டே போகும்.

ஆனால் இந்தப் பங்குனியில், மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவன் மகள் கிருஷ்ணவேணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் எதிரே நின்றாள். "நைனா, தூதுவன் யாரு? ஏன் அவர நீ உள்ள வுடல? கிளாஸ்ல எல்லாரும் கேக்கறாங்க."

மயில்வாகனத்துக்குப் பல்லைக் காட்ட முடியவில்லை. தறியில் போய் உட்கார்ந்தான், நூலோட்டும் நாடாவைக் கையில் எடுத்தான், அழுகை வந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, தறிக்குழியில் கால் வைத்துக்கொண்டு அழுதான். நம்மை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அந்தக் குழந்தைக்கு இது எதற்கு? சாவதற்குள் ஒரு தடவை மேடை ஏறி, ஆரம்பித்ததை முடித்துவிட்டு இறங்க வேண்டும். அன்றைக்கு அவன் வேண்டிக்கொண்டது இது ஒன்றுதான்.

வேண்டுதலைக் காமாட்சி கேட்டாளோ இல்லையோ, டிராயிங் மாஸ்டர் கலியாணசுந்தரம் கேட்டார். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் இந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மனுஷன். நாலு மாதமாக அவர் சுவர்க்குமாரன் கதைகளைப் பாட்டு நாடகமாக எழுதிக்கொண்டிருந்தார். குழந்தை, குட்டி, பெரியவர்கள் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி, முப்பது பாட்டு.

சுவர்க்குமாரனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் ஒரு பல்லி. அவனைப் பற்றி மூன்று புத்தகம் உண்டு. ஊர் வாசகசாலையில் அட்டை கிழிந்து கிடக்கும், எழுதியவர் பேரும் அட்டையோடு போய்விட்டது. தாத்தா, அப்பன், பிள்ளை என்று மூன்று தலைமுறை அந்தப் புத்தகங்களை எச்சில் தொட்டுப் புரட்டியிருக்கிறது. சுவர்க்குமாரன் ஓட்டு வீட்டில் சொகுசாக இருப்பான், தன் நீள வாலைப் பற்றி ஓயாமல் பெருமை பேசுவான். ஒருநாள் பூனை அந்த வாலை மிதிக்கும். வால் அறுந்து விழும். அழுவான் என்று எல்லோரும் பார்த்தால், அவன் பாட்டுப் பாடிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவான். அந்த இடம் வந்தால் கைதட்டாத பிள்ளை காஞ்சிபுரத்தில் பிறக்கவில்லை.

மாஸ்டர் தெருவில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது ஜன்னல் வழியாக ஒரு பாட்டு வந்தது. மயில்வாகனம் நெய்துகொண்டே பாடிக்கொண்டிருந்தான். மாஸ்டர் இறங்கினார், ஜன்னல் கம்பியைப் பிடித்தார், "நீதான்யா என் பல்லி" என்றார்.

மயில்வாகனம் உடனே சரி என்றுவிட்டான். அப்புறம்தான் பயந்தான். ஏனென்றால் அவன் பாட்டில் ஒரு சங்கதி இருந்தது, அது அவன் பெண்டாட்டி பெரியநாயகிக்கு மட்டும் தெரியும். தறியில் உட்கார்ந்து மிதிக்கட்டையை மிதித்துக்கொண்டே பாடினால் முப்பது பாட்டும் தண்ணீராக வரும். எழுந்து நின்றால் மூன்றாவது வரியில் மறந்துபோகும். சொல்லெல்லாம் காலில் இருந்தது, வாயில் இல்லை.

"ஒத்திகையில எப்பிடி சமாளிக்கிறீங்க?" என்றாள் பெரியநாயகி.

"பெஞ்சில உக்காந்துக்கினு காத்த மிதிக்கிறேன். மாஸ்டரு அது பல்லி வாலாட்டுறதுன்னு நெனச்சிக்கினு இருக்கறாரு."

"மேடையில?"

"காமாட்சி இருக்கறா," என்றான். சொன்னவனுக்கே நம்பிக்கை இல்லை.

பூனை வேஷம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? தணிகாசலத்துக்கு. அவன்தான் கேட்டு வாங்கிக்கொண்டான். பத்தொன்பது வருஷமாக மயில்வாகனத்தோடு முகம் கொடுத்துப் பேசாதவன், அவன் வாலை மிதிக்கும் வேஷம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் அன்றே மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றான்.

அடுத்தது வால். மாஸ்டர் கோணியைத் தைத்துப் பச்சைச் சாயம் அடிக்கலாம் என்றார். அதைச் சொன்ன இடம்தான் தப்பு. மயில்வாகனத்தின் அக்கா நீலாம்பாள் பக்கத்தில் நின்றிருந்தாள். அப்பன் போன பிறகு அந்த வீட்டுக்கும் அதிலிருந்த தறிக்கும் அவள்தான் சர்க்கார்.

"கோணியா? பட்டு நெய்யற வூட்டு ஆம்பள கோணிய சுத்திக்கினு மேடை ஏறணுமா? அப்பறம் நானு தெருவுல தல காட்ட வாணாமா?"

"அம்மா, பல்லிக்கு ஏதும்மா பட்டு வாலு?"

"உங்க சின்ன காஞ்சிபுரத்துல, பெருமாள் கோயில்ல, தங்கத்துலயே பல்லி இருக்குதே! தங்கத்துல இருக்கலாம், பட்டுல இருந்தா ஆகாதா?"

அன்றைக்கே தறியில் நெடுக்கு நூலான பாவைப் புதிதாக ஏற்றினார்கள். பச்சை உடல், அதில் கடுகுக்கலர்ப் புட்டா, இரண்டு பக்கமும் அரக்குக் கரை. உடம்பைச் சுற்ற மூன்று கெஜம், வால் ஆறு கெஜம். ஆறு கெஜ வால் எதற்கு என்று கேட்டதற்கு, "அதுக்குக் கொறஞ்சா அது துண்டு" என்று நீலாம்பாள் முடித்துவிட்டாள். இரண்டு பக்கக் கரையும் தனி நாடாவில் ஓட வேண்டியிருந்ததால் ஒருத்தர் நெய்ய முடியாது. பெரியநாயகியும் நீலாம்பாளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாதம் நெய்தார்கள். நெய்து முடித்ததும் அறுத்து, உடம்பு வேறு வால் வேறாக வெட்டி, வாலை ஒரு முடிச்சில் கட்டிவிடுவதாகத் திட்டம். பூனை மிதித்ததும் முடிச்சை இழுத்தால் வால் விழுந்துவிடும்.

நாடகம் சித்திரை அமாவாசைக்கு, பள்ளிக்கூட ஹாலில். அமாவாசையில் தறி ஓடாது, எல்லோருக்கும் லீவு, கூட்டம் தானாக வரும் என்று மாஸ்டர் கணக்குப் போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டார். அந்த அமாவாசை வெள்ளிக்கிழமையில் வருவதை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதனால் என்ன என்றுதான் கேட்டிருப்பார். அவர் நெசவு வீட்டில் பிறக்கவில்லையே.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒன்பதாவது கெஜம் முடிந்தது. பெரியநாயகி கத்தியை எடுத்தாள்.

"வையி கீழ," என்றாள் நீலாம்பாள். "வெளக்கு வெச்சாச்சி. இனிமே அறுக்கக் கூடாது."

"அப்ப நாளைக்குக் காலையில அறுத்துக்கலாம் அண்ணி."

"நாளைக்கு வெள்ளிக்கெழமை. எங்க பாட்டன் காலத்துலருந்து இந்த வூட்டுல வெள்ளிக்கெழமையில தறியிலருந்து துணிய அறுத்ததில்ல. சனிக்கெழமை அறுத்துக்கோங்க."

மாஸ்டர் மறுநாள் காலையில் ஓடி வந்தார். கெஞ்சினார். நாடகத்தை ஒருநாள் தள்ளலாம் என்றால் சனிக்கிழமை தறி ஓடும், ஒரு ஈ காக்கை வராது. அடுத்த அமாவாசைக்குள் ஹார்மோனியத்தைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டுவிடுவார். மயில்வாகனம் தறியையே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் கிடைத்த வேஷம் நழுவிப்போவது அவனுக்குக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. மண்ணில் குழி வெட்டி நட்ட தறி, அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட ஹாலுக்குப் போக முடியாது.

"தறி மேடைக்கு வராது," என்றாள் நீலாம்பாள். "மேடைய இங்க கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குள் தெருவே சேர்ந்து ஹாலில் இருந்த பெஞ்சு, பலகை, திரை, காகிதத் தென்னைமரம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்து, மயில்வாகனத்தின் வீட்டு ஜன்னலை ஒட்டி மேடை போட்டது. ஜன்னல் கம்பியில் நான்கைக் கழற்றினார்கள். நெய்த துணி சுருண்டிருக்கும் உருளைக்கட்டைக்குப் படமரம் என்று பேர். அதிலிருந்து ஒன்பது கெஜத்தையும் அவிழ்த்து, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, முனையிலிருந்து மூன்று கெஜத்தை மயில்வாகனத்தின் உடம்பில் சுற்றிக் குத்தூசி குத்தினார்கள். மிச்சம் ஆறு கெஜம் வாலாகத் தறிவரை ஓடியது. இப்போது படமரம் செய்யும் வேலையை மயில்வாகனம் செய்தான். அவன் ஒரு எட்டு முன்னால் போனால் பாவு விறைத்தது, பின்னால் வந்தால் தொங்கியது.

"வாலு எப்பிடி அறும்?" என்றார் மாஸ்டர்.

"அறாது. கதைய மாத்தி எழுது."

"அம்மா! துணிய உருவிடலாமே?"

"உருவுனா வாலு மட்டும் போவாது சார்," என்றான் மயில்வாகனம் பரிதாபமாக. "உடம்பும் சேந்து போவும். உள்ள அரை டிராயர்தான்."

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு மேடையோரம் உட்கார்ந்து கதையை மாற்றி எழுதினார். பூனை வாலை மிதிக்கும். மிதித்தது தப்பு என்று பூனை மன்னிப்புக் கேட்கும். வால் பத்திரமாக இருக்கும். அதன் பிறகு சுவர்க்குமாரன் ஊர் சுற்றும் பாட்டைப் பாடிவிட்டுப் போவான், வாலோடு.

இவ்வளவு கூத்துக்கு நடுவில் பெரியநாயகிக்கு ஒன்று தோன்றியது. தறிக்குழியில் இறங்கி மிதிக்கட்டையை ஒரு மிதி மிதித்தாள். பாவு பிளந்து விறைத்தது, துணி இழுபட்டது, ஜன்னலுக்கு வெளியே மயில்வாகனத்தின் இடுப்பை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தது. அவன் திரும்பிப் பார்த்தான். அவள் மறுபடி மிதித்தாள். மறுபடி இழுத்தது. அவன் வாய் தானாக ஒரு வரியைப் பாடியது.

"அண்ணி, அமாவாசைல தறிய மிதிக்கலாமா?" என்று பெரியநாயகி கேட்டாள்.

நீலாம்பாள் யோசித்தாள். "நாடா ஓடாத வரைக்கும் அது நெசவு இல்ல. மிதிச்சிக்கோ."

நாலு மணிக்கு ஆரம்பமாயிற்று. முந்நூறு பேருக்குக் குறையாது. முன்வரிசையில் நாற்காலி போட்டு, பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் குமாரவேல், அதாவது அந்தக் காலத்து ராஜா, வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். தரையில் பிள்ளைகள், அதில் கிருஷ்ணவேணி. கடையைப் பூட்டிவிட்டு டீக்கடை ராமலிங்கமும் வந்துவிட்டான், அவன் வராமல் இருப்பானா?

மாஸ்டர் ஹார்மோனியத்தை அமுக்கினார். மயில்வாகனத்துக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இடுப்பில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. இன்னொன்று. பெரியநாயகி மிதிக்கிறாள். அவ்வளவுதான், பாட்டு கிளம்பிவிட்டது.

"புள்ளி புள்ளிச் சட்டைக்காரன்
ஓட்டுக்குள்ளே வீட்டுக்காரன்
வாலைப் பாரு வாலைப் பாரு
கோயில் தேரு நீளம் பாரு!"

பிள்ளைகள் கத்தித் தீர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு தாளத்துக்கும் அவன் இடுப்பு பின்னால் ஒரு வெட்டு வெட்டியது. அசல் பல்லி இப்படித்தான் நடக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு பாட்டு, இரண்டு, ஐந்து, பத்து. ஒரு சொல் தவறவில்லை. மயில்வாகனத்துக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். ஜனத்தின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பாடினான், ராமலிங்கத்தின் முகத்தைக்கூடப் பார்த்துப் பாடினான். கிருஷ்ணவேணி பக்கத்துப் பிள்ளையிடம், "எங்க நைனா" என்று சொல்வது அவனுக்குத் தெரிந்தது.

பூனை வந்தது. தணிகாசலம் கன்னத்தில் கரியால் மீசைமயிர் இழுத்துக்கொண்டு, நாலு காலில் வந்து, பத்தொன்பது வருஷக் கோபத்தையும் குதிகாலில் ஏற்றி வாலை மிதித்தான். பிள்ளைகள் மூச்சைப் பிடித்தார்கள்.

"மன்னிச்சிக்கோ சுவர்க்குமாரா," என்றது பூனை. "தெரியாம மிதிச்சிட்டேன்."

ஒரு வாண்டு எழுந்தது. "தப்பு! வாலு அறணும்!"

அவ்வளவுதான், தெரு கிளம்பிவிட்டது. "வாலு அறணும்! வாலு அறணும்!" பிள்ளைகள் மட்டுமா, அறுபது வயது ஆட்கள் எழுந்து நின்று கத்தினார்கள். மூன்று தலைமுறையாக அறுந்த வால் இன்றைக்கு அறாமல் போவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. வேர்க்கடலைத் தோல் பறந்தது. மாஸ்டர் பயந்துபோய் ஹார்மோனியத்தை இன்னும் பலமாக அமுக்கினார். மயில்வாகனம் ஒரு கையால் குத்தூசியைப் பிடித்துக்கொண்டு நடுமேடையில் விழித்தான்.

"அன்னைக்கு வாய் தொறக்கல," என்று ராமலிங்கத்தின் குரல் கேட்டது. "இன்னைக்கு வாலு அறல. மயிலு கையில எதுதான்பா முடிஞ்சிருக்குது?"

பெரிய சிரிப்பு. மயில்வாகனம் கிருஷ்ணவேணியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

ஜன்னலுக்குள் நின்ற நீலாம்பாளும் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள், கத்தியோடு வந்தாள், புடவையை வரிந்துகொண்டு கம்பி கழற்றிய சந்தில் புகுந்து மேடைக்கு வந்துவிட்டாள்.

"அண்ணி, வாணாம்! அத அறுத்தீங்கன்னா அவரு..." என்று பெரியநாயகி குழியிலிருந்து கத்தினாள். அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்?

"கத்தாதீங்க!" என்று நீலாம்பாள் போட்ட சத்தத்தில் தெரு அடங்கியது. "இன்னைக்கு வெள்ளிக்கெழமை. இந்த வூட்டுல வெள்ளிக்கெழமை அறுக்க மாட்டோம். அதனால எல்லாரும் கண்ண மூடுங்க. யாரும் பாக்கலன்னா எதுவும் நடக்கல. ம், மூடுங்க! டேய் ராமலிங்கம், வெரல் சந்துல பாக்காத!"

முந்நூறு பேரும் கண்ணை மூடினார்கள். மாஸ்டர் மூடினார், பூனை மூடியது, மயில்வாகனமும் மூடிக்கொண்டான். நீலாம்பாள் காமாட்சியம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"அம்மா, நீயும் ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கோ. காலையில வந்து பதில் சொல்றேன்."

சரக், சரக். இடுப்போரம் ஒரு வெட்டு, ஜன்னலுக்குள் கையை நீட்டித் தறியோரம் ஒரு வெட்டு.

வால் விட்டுப்போனதும், அதுவரை முன்பக்கம் இழுத்துக்கொண்டே நின்றிருந்த மயில்வாகனம் அப்படியே பாய்ந்து பூனையின் மேல் குப்புற விழுந்தான். ஜனம் கண்ணைத் திறந்தது. பல்லி ஒரு பக்கம், ஆறு கெஜம் பட்டு வால் ஒரு பக்கம். காஞ்சிபுரம் அப்படி ஒரு கைதட்டலைக் கேட்டதில்லை. இனி சுவர்க்குமாரன் எழுந்து நின்று பாட வேண்டும்.

எழுந்து நின்றான். ஹார்மோனியம் அடி எடுத்துக் கொடுத்தது. இடுப்பில் இழுப்பு வரவில்லை.

முதல் வரி என்ன? தெரியவில்லை. காலை ஊன்றிப் பார்த்தான். பலகை கல்லாக இருந்தது. மாஸ்டர் மறுபடி அடி எடுத்துக் கொடுத்தார், மூன்றாவது தடவையும் கொடுத்தார். கைதட்டல் ஓய்ந்தது, முந்நூறு முகமும் அவனையே பார்த்தது. அதே முகங்கள். அன்றைக்கு இருந்த அதே பூட்டு வாயில் வந்து விழுந்தது. அக்கா ஆசையாகத்தான் அறுத்தாள், ஆனால் அவள் அறுத்தது வாலை மட்டும் இல்லை. ஐயோ, மறுபடியுமா? செத்துப்போகலாம் போல இருந்தது அவனுக்கு.

பின்னாலிருந்து மெதுவாக, ராகம் போட்டு வந்தது அது. "தூதுவன்... வந்துட்டானாபா?"

சிரிப்பு எழும்பவில்லை. எழும்புவதற்குள் மயில்வாகனத்தின் வாய் திறந்துவிட்டது.

"மன்னா! வாசலில் தூதுவன் நிற்கிறான்!"

கணீரென்று வந்தது. அவனே திடுக்கிட்டுப்போனான். பத்தொன்பது வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்தது, ஒரு எழுத்துத் தேயாமல் அப்படியே வந்து விழுந்தது.

முன்வரிசையில் குமாரவேல் எழுந்து நின்றுவிட்டார். எழ வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, உடம்பு எழுந்தது. வேர்க்கடலைப் பொட்டலம் கீழே கொட்டியது. தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலையில் வைத்தார்.

"வரச் சொல்!" என்றார்.

எல்லோரும் பூனையைப் பார்த்தார்கள். தணிகாசலம் மேடையில்தான் இருந்தான், பல்லி விழுந்த இடுப்பைத் தேய்த்துக்கொண்டு. அப்படியே பேசியிருக்கலாம். ஆனால் அவன் தணிகாசலம் ஆயிற்றே! எழுந்து, விடுவிடுவென்று நடந்து, திரைக்குப் பின்னால் போனான். முறைப்படி அங்கிருந்து உள்ளே வந்தான். பின்னால் பூனைவால் ஆடியது. குமாரவேலைப் பார்த்துக் கும்பிட்டான்.

"மாமன்னரே! எல்லையிலிருந்து வருகிறேன். எதிரிப் படை கூடாரம் பிரித்துப் போய்விட்டது. போர் இல்லை. வீரர்கள் அவரவர் வீட்டுக்குப் போகலாம்..."

நாற்பது வரி. ஒரு வரி விடவில்லை. கன்னத்துக் கரி வேர்வையில் கரைந்து வழிந்தது. பாதியில் அவன் குரல் உடைந்தது, துடைத்துக்கொண்டு மேலே சொன்னான். பிள்ளைகளுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை, ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். பெரியவர்களுக்கு விளங்கியது. அன்றைக்குப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் இத்தனை வருஷம் அந்தச் சேதி என்னவென்று தெரியாமலே கேலி பண்ணியிருக்கிறார்கள்.

"நல்ல செய்தி சொன்னாய்," என்றார் குமாரவேல். "போய் இளைப்பாறு." துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர்.

தணிகாசலம் மயில்வாகனத்தின் பக்கம் திரும்பினான். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு வசனம் இல்லாமல் அவனிடம் பேசினான். "இன்னாபா நிக்கற? பாட்டு இருக்குதில்ல? நீ பாடு, நானு மிதிக்கிறேன்."

மேடைப் பலகையில் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். ஜன்னலுக்குள் பெரியநாயகி, இனி யாரையும் இழுக்காத மிதிக்கட்டையை அதே தாளத்தில் மிதித்தாள். கீழே மண்ணில் உட்கார்ந்திருந்த நெசவுக்காரர்களின் கால்களுக்கு அந்தத் தாளம் தெரியாதா என்ன? ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன.

"வாலு போனால் போகட்டும்
காலு நாலு இருக்குது
சுவரு நீளக் கிடக்குது
ஊரு பார்க்கப் போகிறேன்!"

மூன்றாவது வரியைத் தாண்டினான். கடைசி அடிவரை பாடினான். பாடி முடித்து, மூன்று கெஜம் பட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேடையை விட்டுத் தானாக இறங்கினான். கிருஷ்ணவேணி ஓடி வந்து, அறுந்த வாலைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அதைத் தெருமுனைவரை இழுத்துக்கொண்டே ஓடினாள். ஒரு மாத நெசவு மண்ணில் புரண்டது. நீலாம்பாள் "பாத்து ஓடுடி" என்று மட்டும் கத்தினாள்.

மறுநாள் விடிந்ததும் அவள் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தாள். என்ன சொன்னாள் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மயில்வாகனம் டீக்கடைக்குப் போனான். ராமலிங்கம் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"வா மயிலு. இன்னா, தூதுவன் வந்து..."

அத்தோடு நின்றான். வாய் திறந்தபடி இருந்தது, மேலே சொல் வரவில்லை. கடையில் இருந்த எட்டுப் பேரும் அவனையே பார்த்தார்கள்.

மூலை பெஞ்சில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் பூனை மீசை இன்னும் முழுசாகப் போகவில்லை. நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டான்.

"வந்துட்டேன்பா," என்றான். "மயிலுக்கு ஒரு டீ போடு."